காத்து நிற்கும் நிரலைச் சோதித்தல்: வலைப்பின்னல் மென்பொருளில் பிளாக்கிங் அழைப்புகள்

வலைப்பின்னலில் இயங்கும் நிரல் தன் நேரத்தில் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. புதிய இணைப்பு வரும் வரை அக்செப்ட் அழைப்பு திரும்பாது. மறுமுனை பதில் தரும் வரை கனெக்ட் திரும்பாது. ஒரு பைட்டாவது வந்து சேரும் வரை ரீட் திரும்பாது. அனுப்பு பஃபரில் இடம் கிடைக்கும் வரை ரைட் திரும்பாது. எதிர்பார்த்த நிலை வாய்க்கும் வரை, த்ரெட் எனப்படும் இழையை நிறுத்திவைக்கும் இத்தகைய அழைப்புகள் பிளாக்கிங் அழைப்புகள் எனப்படுகின்றன. 1983இல் 4.2 பிஎஸ்டி யூனிக்ஸுடன் சாக்கெட் இடைமுகம் வெளிவந்த நாள் முதல் சாக்கெட்டுகளின் இயல்பான நடத்தை இதுவே. நிரலுக்குள் நிகழும் காத்திருப்புகளும் இவற்றோடு சேரும். காலியான வரிசையிலிருந்து பணியை எடுக்க முயலும் இழை, வேறொரு இழை பிடித்திருக்கும் பூட்டுக்காக நிற்கும் இழை, சேனலில் செய்தி வரக் காத்திருக்கும், கோ மொழியின் இலகு இழையான கோரூட்டின் ஆகியவை அந்த வகை.

இத்தகைய அழைப்பு ஒன்று சரியாக நடந்துகொள்கிறது என்று சொல்வதில் மூன்று கூற்றுகள் அடங்கியுள்ளன. நிலை வாய்க்கும் முன் அது திரும்பக் கூடாது. நிலை வாய்த்ததும் திரும்பியாக வேண்டும். காத்திருப்பைக் கைவிடச் சொன்னால், பூட்டு, சாக்கெட், நினைவகம் எதையும் சிதறவிடாமல் வெளியேற வேண்டும். சோதனை முறைகள் எல்லாமே இந்த மூன்றில் ஏதேனும் ஒன்றைப் பரிசோதிப்பவைதான். எந்த முறை எந்தக் கூற்றுக்குச் சான்று தருகிறது என்பதைப் பிரித்தறிவதே இத்துறையின் மையக் கேள்வி.

நிகழாமையை நிறுவுதல்

சாதாரணச் சோதனை ஒரு விடையை எதிர்பார்க்கிறது. விடை வந்ததும் ஒப்பிட்டு முடிவு சொல்கிறது. பிளாக்கிங் சோதனையிலோ விடை வராமல் இருப்பதே வெற்றி. எவ்வளவு நேரம் வராமல் இருந்தால் போதும் என்பதற்கு இயற்கையான எல்லை எதுவும் இல்லை.

லெஸ்லி லாம்போர்ட் 1977இல் வெளியிட்ட ஆய்வு, ஒருங்கியங்கு நிரல்களின் பண்புகளை இரண்டாக வகுத்தது: தீயது ஒருபோதும் நிகழாது என்பது பாதுகாப்புப் பண்பு, நல்லது எப்போதாவது நிகழ்ந்தே தீரும் என்பது உயிர்ப்புப் பண்பு. முன்கூட்டியே திரும்பாதிருத்தல் முதல் வகை; விழித்தெழுதல் இரண்டாம் வகை. முதல் வகையின் மீறலை முடிவுள்ள ஓர் ஓட்டத்திலேயே கையும் களவுமாகப் பிடிக்கலாம். ஆனால் மீறல் தென்படாததால் பண்பு நிலைநாட்டப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. இரண்டாம் வகையை எந்த முடிவுள்ள ஓட்டமும் பொய்யாக்க முடியாது. இன்னும் ஒரு நொடி பொறுத்திருந்தால் விழித்திருக்கும் என்ற வாதத்துக்கு எப்போதும் இடம் உண்டு. ஆகவே சோதனையில் எழுதப்படும் டைம்அவுட், எப்போதாவது என்பதை இத்தனை நொடிக்குள் என்று மாற்றிக்கொள்ளும் ஒரு சமரசம். அந்தச் சமரசத்தை எங்கே வைப்பது என்பதில்தான் பெரும்பாலான சோதனைகள் தவறுகின்றன.

இழையை நிறுத்தி, எழுப்பிப் பார்த்தல்

ஜாவா உலகில் இதற்கு அடிப்படை முறையை 2006இல் பிரையன் கெட்ஸும் உடன் ஆசிரியர்களும் ஜாவா ஒருங்கியக்கம் பற்றி எழுதிய நூல் தெளிவாக வகுத்தது. காலியான வரிசையிலிருந்து எடுக்கும் அழைப்பைத் தனி இழையில் ஓடவிட வேண்டும். அழைப்பு திரும்பிவிட்டால் அடுத்த வரியிலேயே தோல்வி பதிவாகும். சோதனை இழை சற்று நேரம் பொறுத்திருந்து, அந்த இழைக்கு இன்டரப்ட் அனுப்பும். அழைப்பு இன்டரப்ட் விதிவிலக்கோடு வெளியேற வேண்டும். பின்னர் டைம்அவுட் வைத்த ஜாயின் மூலம் இழை முடிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரே சோதனையில் காத்திருத்தலும் கைவிடுதலும் பரிசோதிக்கப்படுகின்றன. அழைப்பு சிக்கிக்கொண்டாலும் சோதனை முடிவின்றித் தொங்குவதில்லை.

இழையின் நிலையை நேரடியாகக் கேட்டு, காத்திருக்கிறது என்ற பதில் வந்தால் வெற்றி என்று எழுதுவது எளிது. அதே நூல் அதை ஏற்கவில்லை. ஜாவா மெய்நிகர் எந்திரம் இழையை உறங்கவைக்காமல், சுழன்று பார்த்தபடியும் காத்திருப்பை நிறைவேற்றலாம். அப்போது நிலை ஓடுவதாகவே தெரியும். காரணமின்றி விழித்தெழுதலும் அனுமதிக்கப்பட்டதே. நிபந்தனையைச் சரிபார்த்துவிட்டு இழை மீண்டும் உறங்கப்போகும் இடைவெளியில் கேட்டால் தவறான பதில் கிடைக்கும். இழை நிலை கண்காணிப்புக்கானது. ஒத்திசைவுக்கு அதை நம்ப முடியாது.

இம்முறையின் பலவீனம் அந்தச் சற்று நேரம் என்பதில் இருக்கிறது. தனி இழை அழைப்பை அடையும் முன்பே பொறுத்திருக்கும் நேரம் தீர்ந்துவிட்டால், எதையும் பரிசோதிக்காமலேயே சோதனை வெற்றி பெறும். இழை அழைப்பின் வாசலை அடைந்துவிட்டது என்று லாட்ச் எனப்படும் ஒருமுறைச் சமிக்ஞை மூலம் அறிவிக்கச் செய்தால் இடைவெளி சுருங்கும், முழுதாக மறையாது. வாசலை அடைவதற்கும் உள்ளே உறங்கிவிடுவதற்கும் இடையே சில கட்டளைகள் எப்போதும் மிஞ்சும்.

எழுப்புதலைச் சோதிக்கும்போது இதே நேரக் கணக்கு எதிர்ப்பக்கம் கடிக்கிறது. 100 மில்லி நொடி உறங்கிவிட்டு, பதில் வந்திருக்க வேண்டும் என்று எழுதிய சோதனை, நிரலாளரின் கணினியில் தேறும். சுமை மிகுந்த சோதனை சேவையகத்தில் சில நாள் தவறும். இவ்வாறு ஒரே நிரலுக்கு ஒருமுறை வெற்றியும் ஒருமுறை தோல்வியும் காட்டும் நிலையற்ற சோதனைகளை, 2014இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில் ஆராய்ந்தனர். வகைப்படுத்த முடிந்தவற்றில் ஏறத்தாழ 45 விழுக்காட்டுக்குக் காரணம், பின்னணியில் நடக்கும் வேலைக்காகச் சரியாகக் காத்திராமை. மேலும் 20 விழுக்காட்டுக்குக் காரணம் ஒருங்கியக்கப் பிழைகள்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. நிகழ வேண்டியதற்குக் காத்திருக்கும்போது டைம்அவுட்டைத் தாராளமாக, பத்து நொடியோ முப்பது நொடியோ, வைக்கலாம். அது உச்ச வரம்பு மட்டுமே. நிகழ்வு வந்ததும் சோதனை நகர்ந்துவிடும். நிகழக் கூடாததற்குக் காத்திருக்கும்போது முழு நேரமும் ஒவ்வோர் ஓட்டத்திலும் செலவாகிறது. அங்கே நேரத்தைக் குறைத்தால் பிழை தப்பும். கூட்டினால் சோதனைத் தொகுப்பு நகராது.

சாக்கெட்டுக்கே உரிய சிக்கல்கள்

வரிசைக்கும் பூட்டுக்கும் பொருந்தும் முறை சாக்கெட்டுக்கு அப்படியே பொருந்துவதில்லை. ஜாவாவின் பழைய சாக்கெட் ரீட் அழைப்பில் நிற்கும் வழக்கமான இழைக்கு இன்டரப்ட் அனுப்பினால் ஒன்றும் நடக்காது. வேறோர் இழை சாக்கெட்டை மூடினால்தான் அது வெளியேறும். ஜாவாவின் புதிய என்ஐஓ இடைமுகத்தின் சேனல்களில் இன்டரப்ட், சேனலையே மூடிவிட்டு விதிவிலக்கு எழுப்பும். 2023இல் ஜாவா 21 உடன் நிலைபெற்ற மெய்நிகர் இழைகளில் பழைய சாக்கெட் ரீட்டும் இன்டரப்டுக்கு விழித்து, சாக்கெட்டை மூடுகிறது. ஆக, கைவிடுதலுக்கான சோதனை ஒரே நிரலுக்கு இரண்டு வகை இழைகளிலும் தனித்தனியே வேண்டும்.

சி மொழியில் லினக்ஸ் வேறொரு பொறி வைத்திருக்கிறது. ஓர் இழை ரீட்டில் நிற்கும்போது வேறோர் இழை அந்தச் சாக்கெட்டுக்குக் க்ளோஸ் அழைத்தால், நிற்கும் இழை விழிக்காமல் போகலாம். ஷட்டௌன் அழைத்தால் விழிக்கும். க்ளோஸ் ஆன சாக்கெட்டின் எண்ணைக் கர்னல் அடுத்த இணைப்புக்குக் கொடுத்துவிட்டால், பழைய இழை அடுத்த முறை ரீட் அழைக்கும்போது அயலார் இணைப்பின் தரவைப் படிக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே இணைப்பை மூடியதும் அதற்குரிய இழை வெளியேறுகிறதா என்ற சோதனையை நிரல் இயங்கப்போகும் இயங்குதளத்திலேயே ஓட்ட வேண்டும்.

அழைப்பை வேண்டுமென்றே நிற்கவைப்பதும் ஒரு தொழில்நுட்பம். ரீட்டை நிறுத்துவது எளிது: மறுமுனை எதுவும் அனுப்பாதிருந்தால் போதும். ரைட்டை நிறுத்த, மறுமுனை படிப்பதை நிறுத்த வேண்டும். அப்போதும் இரு முனைகளின் பஃபர்களும் நிரம்பிய பிறகே அழைப்பு நிற்கும். பஃபர் அளவைச் சிறியதாக அமைத்தாலும் லினக்ஸ் கேட்ட எண்ணை இருமடங்காக்கிக்கொள்ளும். எனவே இத்தனை பைட் எழுதினால் நிற்கும் என்று கணக்கிடுவதைவிட, நிற்கும் வரை எழுதுவதே நம்பகமானது. சிறு செய்தி ஒன்றை மட்டும் அனுப்பிப் பார்க்கும் சோதனைகளில் ரைட் ஒருபோதும் நிற்பதில்லை. மெதுவாகப் படிக்கும் வாடிக்கையாளரால் சேவையகமே முடங்கும் பிழை உண்மையான பயன்பாடு வரை மறைந்திருப்பது இதனால்தான்.

கனெக்டை நிறுத்த, முதல் பாக்கெட் பதிலின்றி மறைய வேண்டும். லினக்ஸ் நீண்டகாலம் கொண்டிருந்த இயல்பமைப்பில் 6 மறுமுயற்சிகள், 1, 2, 4 என இரட்டிக்கும் இடைவெளிகளோடு, மொத்தம் 127 நொடி நீடித்தன. ஆவணங்களில் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்த ஒதுக்கப்பட்ட 192.0.2.0 வரிசை முகவரியைச் சோதனையில் பயன்படுத்துவோர் உண்டு. ஆனால் வெளிவழி இல்லாத கன்டெய்னருக்குள் அதே முகவரி, வலைப்பின்னலை எட்ட முடியவில்லை என்ற பிழையை உடனே தந்துவிடும், கனெக்ட் நிற்காது. ஃபயர்வால் விதியால் பாக்கெட்டை ஓசையின்றிக் கைவிடுவது, அல்லது அக்செப்ட் அழைக்காத சேவையகத்தின் காத்திருப்பு வரிசையை நிரப்பிவிட்டு மேலும் ஓர் இணைப்பைக் கோருவது, சூழலைக் குறைவாகச் சார்ந்த வழிகள்.

நிற்கக் கூடாத இடத்தில் நிற்பதும் உண்டு. படிக்கத் தரவு தயார் என்று செலக்ட் அழைப்பு சொன்ன பிறகும் ரீட் நிற்கக்கூடும் என்று லினக்ஸ் கையேடே எச்சரிக்கிறது: வந்த பாக்கெட்டின் சரிபார்ப்புத் தொகை தவறாக இருந்து அது தூக்கியெறியப்பட்டால் இப்படி ஆகும். ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் தன் யூனிக்ஸ் வலைப்பின்னல் நூலில் அக்செப்டுக்கு இதே சிக்கலைக் காட்டினார். வாடிக்கையாளர் இணைந்த உடனே இணைப்பை முறிக்கும் ரீசெட் பாக்கெட்டை அனுப்புகிறார்; சேவையகம் செலக்டுக்கும் அக்செப்டுக்கும் இடையே தாமதிக்கிறது; பெர்க்லி வழிவந்த கர்னல்கள் அந்த இணைப்பை வரிசையிலிருந்து நீக்கிவிடுகின்றன; அக்செப்ட் அடுத்த வாடிக்கையாளர் வரும் வரை நிற்கிறது. இதை வெளிக்கொணர அவர் சேவையக நிரலில் வேண்டுமென்றே ஐந்து நொடி உறக்கத்தைச் செருகினார். போட்டிச் சூழலின் குறுகிய இடைவெளியைச் செயற்கையாக அகலப்படுத்திப் பிழையை உறுதியாக வரவழைக்கும் இந்த உத்தி இன்றும் பயன்படுகிறது.

மௌனமான மறுமுனை

வலைப்பின்னல் கோளாறுகளில் ஓசையோடு வருபவை எளியவை: இணைப்பு மறுக்கப்பட்டாலோ ரீசெட் வந்தாலோ அழைப்பு பிழையோடு திரும்பிவிடும். கடினமானது மௌனம். மறுமுனையின் மின்சாரம் போனாலோ இடையில் கேபிள் அறுந்தாலோ, படிக்க மட்டும் செய்யும் முனைக்கு எந்தச் செய்தியும் வராது. ரீட் முடிவின்றி நிற்கலாம். மறுமுனை இருக்கிறதா என்று விசாரிக்கும் டிசிபி கீப்அலைவ் பொதுவாக அணைத்தே இருக்கும். இயக்கினாலும் லினக்ஸின் இயல்பமைப்பில் முதல் விசாரிப்பு 7,200 நொடி கழித்தே செல்லும். எழுதும் முனைக்கு மறுமுயற்சிகள் தீர ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும்.

இந்த மௌனத்தை உருவாக்க லினக்ஸில் நெட்எம் என்னும் கர்னல் கூறு உள்ளது. தாமதம், இழப்பு, வரிசை மாற்றம் ஆகியவற்றை அது பாக்கெட் அளவில் புகுத்தும். ஷாப்பிஃபை நிறுவனம் வெளியிட்ட டாக்ஸிப்ராக்ஸி, இரு முனைகளுக்கு நடுவே நின்று தரவை முடக்கவும், துண்டு துண்டாக அனுப்பவும், ரீசெட் அனுப்பவும் வல்லது. கர்னல் அனுமதி எதுவும் தேவைப்படாததால் சாதாரணச் சோதனைத் தொகுப்பில் அதைச் சேர்ப்பது எளிது. எந்தக் கருவியானாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: நிரலின் ஒவ்வொரு காத்திருப்புக்கும் அதன் சொந்த டைம்அவுட் உண்டா, அல்லது இயங்குதளத்தின் 127 நொடியையும் 15 நிமிடத்தையும் அது அறியாமலே நம்பியிருக்கிறதா?

நிகழ்வுச் சுழலில் நிற்றல்

ஒரே இழையில் ஆயிரக்கணக்கான இணைப்புகளைக் கையாளும் நிகழ்வுச் சுழல் அமைப்புகளில் சோதனையின் நோக்கமே தலைகீழாகிறது: எந்த அழைப்பும் நிற்கக் கூடாது. ஒன்று நின்றால் எல்லா இணைப்புகளும் நிற்கும். ஜாவாவின் ரியாக்டர் குழுவினர் உருவாக்கிய பிளாக்ஹவுண்ட், நிற்கக் கூடாத இழையிலிருந்து பிளாக்கிங் அழைப்பு வந்தால் அந்த இடத்திலேயே பிழை எழுப்பும். பைத்தானின் அசிங்க்ஐஓ, பிழைதேடல் நிலையில் 100 மில்லி நொடிக்கு மேல் ஓடும் கால்பேக்குகளைப் பதிவுசெய்யும். முன்னது அழைப்பின் வகையைப் பார்க்கிறது. பின்னது நேரத்தை அளக்கிறது. சோதனைச் சூழலில் பிளாக்கிங் அழைப்பு ஒரு மில்லி நொடியில் முடிந்துவிட்டால் பின்னது பேசாது. முன்னது அப்போதும் பிடிக்கும்.

பெயரிலிருந்து முகவரி தேடும் அழைப்பு இவ்வகையில் அடிக்கடி மறக்கப்படுவது. நோட்.ஜேஎஸ் அதன் வழக்கமான பெயர் தேடலை லிப்யூவி நூலகத்தின் இழைக் குழுவுக்கு அனுப்புகிறது. இயல்பாக அதில் 4 இழைகளே உண்டு. மெதுவான தேடல்கள் சில சேர்ந்தால், அவற்றுக்குப் பின்வரும் தேடல்கள் வரிசையில் நிற்கும். வேண்டுமென்றே மெதுவாகப் பதில் தரும் பெயர்ச் சேவையகத்தை வைத்துச் சோதிக்காவிட்டால் இந்த நெரிசல் வெளித்தெரியாது.

எழாமலே போகும் இழைகள்

யாரும் எழுப்பாத காத்திருப்பு இரு வடிவங்களில் வரும். இழைகள் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்பது டெட்லாக். எழுப்ப வேண்டியவர் போய்விட்டதால் ஓர் இழை தனியே நின்றுபோவது கசிவு.

டோக்கர், குபர்நெட்டிஸ், எட்சிடி, ஜிஆர்பிசி, காக்ரோச்டிபி, போல்ட்டிபி ஆகிய ஆறு கோ மொழித் திட்டங்களின் 171 ஒருங்கியக்கப் பிழைகளை 2019இல் வெளியான ஓர் ஆய்வு அலசியது. அவற்றில் 85 பிளாக்கிங் வகை. பூட்டுகளை விடச் செய்திப் பரிமாற்றம் பாதுகாப்பானது என்ற பரவலான நம்பிக்கைக்கு மாறாக, அந்த 85இல் ஏறத்தாழ 58 விழுக்காடு சேனல் போன்ற செய்திப் பரிமாற்றக் கருவிகளால் நேர்ந்தவை. குபர்நெட்டிஸில் கண்ட ஒன்று மாதிரியானது: கோரிக்கையை நிறைவேற்றும் கோரூட்டின், பஃபர் இல்லாத சேனலில் விடையை அனுப்புகிறது, பெற வேண்டியவர் அதற்குள் டைம்அவுட் ஆகி வெளியேறிவிட்டார், அனுப்புபவர் என்றென்றும் நிற்கிறார். சேனலுக்கு ஓரிடம் பஃபர் தந்ததும் பிழை தீர்ந்தது.

கோ மொழியின் உள்ளமைந்த டெட்லாக் காட்டி, ஆய்வாளர்கள் மறுஉருவாக்கிய 21 பிளாக்கிங் பிழைகளில் இரண்டை மட்டுமே கண்டது. எல்லாக் கோரூட்டின்களும் நின்றால்தான் அது பேசும். சேவையகத்தில் ஏதேனும் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டோ வலைப்பின்னலை எதிர்பார்த்தோ இருக்கும். இக்குறையை நிரப்ப, சோதனை முடிவில் எஞ்சியிருக்கும் கோரூட்டின்களைப் பட்டியலிட்டுத் தோல்வி அறிவிக்கும் கோலீக் போன்ற நூலகங்கள் எழுந்தன. டைம்அவுட் பாதையைக் கடக்கும் ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் இந்தச் சரிபார்ப்பைச் சேர்த்தால், மேற்கண்ட குபர்நெட்டிஸ் வகைப் பிழை உடனே அகப்படும்.

அட்டவணையாளரைக் கைப்பற்றுதல்

இழைகள் எந்த வரிசையில் ஓடும் என்பதை இயங்குதளத்தின் அட்டவணையாளரிடம் விட்டுவிட்டு, பிழை தென்படும் வரை ஆயிரம் முறை ஓட்டுவது பழைய வழக்கம். மாற்று வழி, அந்த முடிவைச் சோதனைக் கருவியே எடுத்துக்கொள்வது. பெல் லேப்ஸில் பாட்ரிஸ் கோட்ஃப்ராய்ட் 1997இல் அறிமுகப்படுத்திய வெரிசாஃப்டும், மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் 2008இல் விவரித்த செஸ்ஸும் சாத்தியமான வரிசைகளை முறையாக ஒவ்வொன்றாக ஓட்டின. எல்லா வரிசைகளையும் ஓட்டுவது இயலாதது. ஆனால் பெரும்பாலான பிழைகளுக்குச் சில இழைமாற்றங்களே போதும் என்பதால், இடைமறிப்புகளின் எண்ணிக்கைக்குச் செஸ் வரம்பு வைத்தது. மைஎஸ்கியூஎல், அப்பாச்சி, மொசில்லா, ஓப்பன்ஆஃபீஸ் ஆகியவற்றின் 105 பிழைகளை 2008இல் ஆராய்ந்த ஆய்வும் இதை உறுதிசெய்தது: இரண்டே இழைகளுக்கு இடையே குறிப்பிட்ட வரிசையை நிர்ப்பந்தித்தால் 96 விழுக்காடு பிழைகள் உறுதியாக வெளிப்படும்.

2010இல் வந்த பிசிடி என்னும் முறை, இழைகளுக்குத் தற்செயலாக முன்னுரிமை கொடுத்து, சில இடங்களில் மட்டும் அதை மாற்றி, பிழை காணும் நிகழ்தகவுக்குக் கீழெல்லை ஒன்றை நிறுவியது. இரண்டு இழைகள், ஆயிரம் படிகள், இரண்டு வரிசைக் கட்டுப்பாடுகளைச் சார்ந்த பிழை என்றால், ஒவ்வோர் ஓட்டத்திலும் அது அகப்படும் வாய்ப்பு குறைந்தது 2,000இல் ஒன்று. ரஸ்ட் மொழியில் லூம், ஷட்டில் ஆகிய நூலகங்கள் இவ்விரு மரபுகளையும் தொடர்கின்றன.

இத்தகைய கருவி இருக்கும்போது, நிகழாமை என்ற சிக்கலின் இயல்பே மாறுகிறது. எந்த இழை நிற்கிறது, எது ஓடத் தயார் என்பதை அட்டவணையாளர் அறிவார். ஓடத் தயாராக எதுவும் இல்லையென்றால் டெட்லாக் அந்தக் கணமே தெரிகிறது. நேரம் கடந்ததை வைத்து ஊகிக்க வேண்டியதில்லை.

ஃபவுண்டேஷன்டிபி தரவுத்தளம் இக்கருத்தை ஒரு முழுக் கணினித் தொகுதிக்கே விரித்தது. வலைப்பின்னல், வட்டு, கடிகாரம் அனைத்தையும் உருவகமாக்கி, பல கணினிகள் கொண்ட தொகுதியை ஒரே இழையில், ஒரு தொடக்க எண்ணைக் கொண்டு ஓட்டியது. அதே எண்ணைக் கொடுத்தால் அதே பிழை அதே இடத்தில் மீண்டும் வரும். விலை கடுமையானது: நிரலில் எந்தப் பகுதியும் உண்மையான கடிகாரத்தையோ சாக்கெட்டையோ நேரடியாகத் தொடக் கூடாது என்பதால், இவ்வமைப்பைத் தொடக்கத்திலேயே திட்டமிட வேண்டும்.

மாயக் கடிகாரம்

இந்த வசதியின் ஒரு பகுதியைச் சாதாரணச் சோதனைகளுக்குக் கொண்டுவந்தவை போலிக் கடிகாரங்கள். பைத்தானின் ட்விஸ்டட் நூலகத்தில் சோதனையே கையால் நகர்த்தும் கடிகாரம் உண்டு. ரஸ்ட்டின் டோக்கியோவில் நேரத்தை நிறுத்திவைத்தால், செய்ய வேலை எதுவும் இல்லாதபோது கடிகாரம் அடுத்த டைமருக்குத் தானே தாவும். முப்பது நொடி டைம்அவுட்டை இவ்வாறு மில்லி நொடிகளில் சோதிக்கலாம்.

கோ மொழியின் 1.24 பதிப்பில் பரிசோதனையாக வந்து, 2025 ஆகஸ்ட்டில் வெளியான 1.25இல் நிலைபெற்ற சின்க்டெஸ்ட், போலிக் கடிகாரத்தோடு இன்னொன்றையும் தந்தது. சோதனை ஒரு குமிழிக்குள் ஓடுகிறது. குமிழியில் உள்ள மற்ற எல்லாக் கோரூட்டின்களும் நிலையாக நின்றுவிடும் வரை காத்திருக்க ஓர் அழைப்பு உண்டு. அது திரும்பியது என்றால், சோதனை தூண்டாத வரை, கடிகாரம் நகராத வரை, உள்ளே இனி எதுவும் நகராது என்பதை மொழியின் இயக்கச் சூழலே உறுதிசெய்கிறது. உடல் பகுதியை அனுப்பும் முன் சேவையகத்தின் 100 என்ற பதிலுக்குக் காத்திருக்க வேண்டிய எச்டிடிபி வாடிக்கையாளரை எடுத்துக்கொண்டால், இந்த அழைப்பு திரும்பிய கணத்தில் உடல் அனுப்பப்படவில்லை என்று பார்ப்பது போதும். உறக்கமும் ஊகமும் தேவையில்லை.

எது நிலையாக நிற்பது என்ற வரையறை கவனத்துக்குரியது. குமிழிக்குள் உருவான சேனலில் நிற்பதும் உறங்குவதும் அதில் சேரும். மியூட்டெக்ஸ் பூட்டுக்காக நிற்பது சேராது. அதைப் பிடித்திருப்பவர் குமிழிக்கு வெளியே இருக்கலாம். சாக்கெட் ரீட்டும் சேராது. லூப்பேக்கில் எழுதிய தரவு கர்னலுக்குள் இன்னும் பயணத்தில் இருக்கலாம். எனவே உண்மையான சாக்கெட்டுக்குப் பதில் நினைவகக் குழாய் பயன்படுகிறது. அக்குழாய்க்குப் பஃபர் இல்லை. ஒவ்வொரு ரைட்டும் மறுமுனை படிக்கும் வரை நிற்கும். டிசிபியில் தடையின்றி ஓடும் நிரல் இங்கே டெட்லாக் ஆகலாம். பஃபர் நிரம்பினால் மட்டும் வரும் பிழை இங்கே வேறு உருவில் தோன்றலாம்.

முறைகளின் பங்கீடு

மேற்கண்டவற்றில் எந்த முறையும் மூன்று கூற்றுகளையும் தனியே தாங்குவதில்லை. முன்கூட்டியே திரும்பாமைக்கு நல்ல சான்று, நிற்கும் நிலையை இயக்கச் சூழலோ அட்டவணையாளரோ நேரடியாக அறிவிக்கும் கருவிகளிடம் கிடைக்கிறது. அவை இல்லாத மொழிகளில் லாட்சும் குறுகிய நேரம் பொறுத்திருத்தலும் இரண்டாம் தரச் சான்று. விழித்தெழுதலுக்கு நீண்ட உச்ச வரம்பும், இழைவரிசைகளை மாற்றி ஓட்டும் கருவிகளும் பொருந்தும். கைவிடுதலுக்கு இன்டரப்ட், க்ளோஸ், டைம்அவுட் ஆகிய ஒவ்வொரு பாதையையும் தனித்தனியே ஓட்டி, முடிவில் எஞ்சிய இழைகளையும் திறந்த சாக்கெட்டுகளையும் எண்ண வேண்டும்.

உருவகக் கருவிகள் நிரலின் தர்க்கத்தைப் பரிசோதிக்கின்றன. லினக்ஸில் க்ளோஸ் எழுப்பாதது, பஃபர் அளவு இரட்டிப்பது, செலக்ட் பொய் சொல்வது போன்ற கர்னலின் நடத்தைகள் அவற்றுக்குள் இல்லை. ஆகவே வேகமான உருவகச் சோதனைகள் எண்ணிக்கையில் மிகுந்தும், உண்மையான சாக்கெட்டும் செயற்கைக் கோளாறும் கொண்டு மெதுவாக ஓடுபவை குறைந்த எண்ணிக்கையிலும் இருப்பதே பொருத்தமான விகிதம். பின்னவை, நிரல் எந்தெந்தக் கர்னல் நடத்தையை நம்பியிருக்கிறதோ அந்த ஒவ்வொன்றுக்கும் ஒன்றாவது இருக்க வேண்டும்.